ஏரிக்கரையில் ஓடிய இரண்டு பையன்கள்

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலக்கண்ணில் புரை அறுவை செய்துகொண்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. குனியக் கூடாது என்று சொல்லியிருப்பதால், அட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் முழங்காலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே அதன் நிலைமை தெரிகிறது.

இராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் பையன்களை ஏரிக்கரையில் 12 நிமிடம் ஓடவிட்டு நீ குறித்தனுப்பிய தூரங்களை இரண்டு முறை படித்தேன். 54 கிலோ எடையுள்ளவன் 3,100 மீட்டர் ஓடியிருக்கிறான்; 78 கிலோக்காரன் 2,830 மீட்டரில் நின்றுவிட்டான். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றி வரப்பில் நடக்கிற பையன் முகாமில் கழிக்கப்படுவான் என்றால் இது என்ன பரீட்சை என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். உன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

நீ வைத்த 12 நிமிட ஓட்டமே இராணுவத்தில் பிறந்ததுதான். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 17 முதல் 52 வயது வரையிலான 115 ஆண்களை மைதானத்திலும் ஆய்வகத்திலும் சோதித்து 1968இல் அதை வெளியிட்டார். உடல் தன் முழு வேகத்தில் இயங்கும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதே இதயம், நுரையீரல், தசை மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையின் அளவு. அதை நேராக அளப்பது பெரும்பாடு. மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, விடும் மூச்சையெல்லாம் ஒரு பெரிய பையில் பிடிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிறவனின் எச்சில் குழாய் வழியே வழிந்து என் சட்டைக் கையை நனைத்த நாட்கள் பல. கூப்பர் செய்த உபகாரம், 12 நிமிடத்தில் ஓடிய தூரத்திலிருந்தே அந்த அளவை ஏறத்தாழச் சொல்லிவிடலாம் என்று காட்டியது. மீட்டரில் வந்த தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் போதும்.

வகுத்துப் பார்த்தேன். ஒல்லிப் பையனுக்கு 58, கனத்தவனுக்கு 52. ஆனால் இது ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கு; சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எடையால் பெருக்கினால், ஒல்லியானவன் நிமிடத்துக்கு 3.1 லிட்டர் ஆக்சிஜனையும் கனத்தவன் 4 லிட்டருக்குச் சற்று மேலாகவும் பயன்படுத்துகிறார்கள். இருவர் முதுகிலும் 25 கிலோ மூட்டையைக் கட்டி, உடலும் மூட்டையும் சேர்ந்த மொத்தச் சுமைக்கு வகுத்துப் பார்: ஒருவனுக்கு 39.6, மற்றவனுக்கு 39.4. வெறும் உடம்போடு ஓடும்போது இருந்த ஆறு புள்ளி வித்தியாசம் மூட்டை ஏறியதும் காணாமல் போய்விட்டது. சுமை இன்னும் கூடினால் கனத்தவனே முந்துவான். முதுகுச்சுமையும் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர் ஓடிய உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; அந்த ஓட்டத்தில் உன் பிளட்டூனில் யார் முதலில் வந்தார்கள், யார் கடைசியில் வந்தார்கள் என்று நினைத்துப் பார்.

எந்தச் சோதனையும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 1981இல் நீ விடுமுறையில் வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் பலகை ஏறிய கதை நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டு சோர்வு ஆய்வகத்தில் லூசியன் புரூஹாவும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கிய சோதனை அது. 20 அங்குல உயரப் பலகை, நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம். நெட்டைக்காலனான நீ பேசிக்கொண்டே முடித்தாய். எனக்கு அந்தப் பலகை முழங்காலைத் தாண்டி நின்றது. 3 நிமிடம் 10 விநாடியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அரை நிமிடம் வீதம் மூன்று முறை எண்ணிய நாடித்துடிப்பு 84, 70, 60. கணக்குப் போட்டால் 44 மதிப்பெண். 55க்குக் கீழே போனால் மோசம் என்று பெயர், நீயோ 96. பலகை இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் நானும் தேறியிருப்பேன் என்று இன்றைக்கும் வாதாடுவேன், நீ சிரித்தாலும் சரி.

இதற்காக முகாமின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பையன்களை ஒரே காலையில், ஒரு நிறுத்தற்கடிகாரத்தோடு சலித்தெடுக்க வேறு வழி ஏது? ஆனால் அது எதைச் சொல்லாது என்பதையும் உன் பையன்கள் தெரிந்துகொள்ளட்டும். உயரமான மலைக்காவலுக்குப் போனவுடன் தலைவலியும் வாந்தியுமாக முதலில் படுத்தவன் உங்கள் பிரிவின் வேக ஓட்டக்காரன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மலைநோய் திடகாத்திரம் பார்த்து வருவதில்லை. அதனால்தான் எல்லாரையும் ஒன்றுபோல நாள்கணக்கில் நிறுத்திப் பழக்கி மேலே அனுப்புகிறார்கள்.

கனத்த பையனிடம் ஒன்று மட்டும் பார். அந்த 78 கிலோவில் இடுப்புச் சதை எவ்வளவு? தசையாக இருந்தால் எடையால் வகுத்தல் அவனுக்கு அநியாயம் செய்கிறது. கொழுப்பாக இருந்தால் நியாயம்தான் செய்கிறது, ஏனென்றால் அது ஆக்சிஜன் வாங்க உதவாமல் சுமையாக மட்டுமே கூட வருகிறது. எப்படியிருந்தாலும் முகாமில் ஓட்டம்தான் தீர்மானிக்கும் என்பதால், வாரம் இரண்டு நாள் 400 மீட்டர் வேக ஓட்டங்களை இடைவெளி விட்டு ஓடச் சொல். காய்ச்சல் கண்டவனை அந்த வாரம் தடத்தில் இறக்காதே. இதில் மட்டும் படையில் பயிற்சி கொடுத்த பழைய உஸ்தாத் புத்தியைக் காட்ட வேண்டாம்.

எனக்காக ஒரு காரியம் செய்வாயா? அடுத்த ஞாயிறு விடியலில், இருவர் முதுகிலும் மணல் பை கட்டி மூன்று கிலோமீட்டர் வேகநடை நடக்க விடு. ஓட வேண்டாம், பழகாத முழங்காலுக்கு 25 கிலோ ஆகாது. 15 கிலோவில் தொடங்கி வாரம் ஒருமுறை கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வாரத்து நேரத்தையும் எழுதி அனுப்பு. மணலைத் தராசில் நிறுத்தாயா, கையால் தூக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கட்டினாயா என்பதையும் மறைக்காமல் எழுது.

தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
இராமலிங்கம்