எனக்காகத் தங்கள் பலத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு

கோச் சார், ஜிம்மில் என்னோடு கிளவுஸ் மாட்டிய அண்ணன்களே, தம்பிகளே, வீட்டில் உள்ளவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் குத்துச்சண்டைப் போட்டிகளில் இருந்து விலகிவிட்டது உங்களுக்குத் தெரியும். யாரிடமும் சரியாக நன்றி சொல்லவில்லை என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் அண்ணன்களுக்கு. 49 கிலோ எடைப் பிரிவில் ஆடும் ஒரு வளர்ந்த ஆளுக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக எதிரில் நின்று மோத, ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அந்த எடையில் ஜிம்மில் இருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பையன்கள். அதனால் 60, 64 கிலோ அண்ணன்கள்தான் எனக்காக ரிங்குக்குள் வந்தீர்கள். வேகத்தைக் குறைக்காமல் பலத்தை மட்டும் குறைத்துக் குத்துவது எவ்வளவு கடினம் என்பது கிளவுஸ் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். என்னோடு ஆடிய ரவுண்டுகளால் உங்கள் பயிற்சிக்கு எந்த லாபமும் இல்லை. உங்களுக்கே போட்டி நெருங்கிய வாரங்களில்கூட நீங்கள் முகம் சுளித்ததில்லை. என் கால்கள் இவ்வளவு வேகமாக நகரக் கற்றது முன்கையால் நேராக நீட்டிக் குத்தும் உங்கள் நீளமான ஜாப்பிலிருந்து தப்பிக்கத்தான்!

கோச் சார், சின்ன எடையில் ஒரே குத்தில் எதிராளி விழுவது அபூர்வம். ஐந்து நடுவர்களுக்கும் தெரியும்படி சுத்தமாகப் பட வேண்டும், மூன்று ரவுண்டும் கை ஓயக் கூடாது. அதற்காக உங்கள் தோள் வலிக்க வலிக்க, நான் குத்திப் பழகும் பேட் மெத்தைகளைக் கையில் பிடித்தீர்கள். ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வீர்கள். அதனால்தான் அது மண்டையில் ஏறியது.

எடை விஷயத்தில் நீங்கள் காட்டிய கண்டிப்புக்கும் நன்றி. தொழில்முறை வீரர்கள் முந்தைய நாளே எடை காட்டிவிட்டுத் தேறிக்கொள்ளலாம். அமெச்சூர் வீரர்களான நமக்கோ மோதும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். பட்டினி கிடந்து, தண்ணீரை நிறுத்தி எடையை இறக்க நீங்கள் ஒருநாளும் விடவில்லை. அப்படி இறக்கிய சில நல்ல வீரர்கள் சீக்கிரமே ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 49 கிலோ பிரிவே இல்லை, 52 கிலோவில்தான் தொடக்கம். வெறும் மூன்று கிலோதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். என் உடம்பில் அது ஆறு சதவீதம். 52க்கு ஏறியதும் எதிரில் நிற்பவர்கள் உயரமாகவும் கை நீளமாகவும் ஆகிவிட்டார்கள். அப்போது நீங்கள் பொறுமையாக, மறுபடி முதலிலிருந்து, உள்ளே நுழைந்து குத்தச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஜெயித்த ஒவ்வொரு போட்டியும் அந்த மாதங்களின் பலன்.

ரிங்கோரம் இருந்த அந்த டாக்டருக்கும் நன்றி. 2013ல் பெரியவர்கள் பிரிவு ஆண்களுக்குத் தலைக்கவசமான ஹெட்கார்டு எடுக்கப்பட்ட பிறகு, தலையோடு தலை மோதிப் புருவம் கிழிவது சகஜமாகிவிட்டது. நான் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு போட்டியை அவர் நிறுத்தச் சொன்னார். என் கண் நன்றாக இருக்கிறது டாக்டர்.

அம்மா, அக்கா, போட்டி வாரங்களில் என் கண்ணில் படாமல் நீங்கள் சாப்பிட்டதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு நன்றி என்ற வார்த்தை போதாது.

அப்புறம் ஒரு விஷயம். இப்போது என் எடை 58. ஸ்பாரிங் ஆள் கிடைக்காமல் திண்டாடும் 48, 51 கிலோ பசங்க இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மாலையில் ஜிம்மில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி