சோதனைக்கும் கூலி உண்டு

ஆசிரியருக்கு,

மதுரையில் வயரிங் வேலை செய்கிறேன். ஃபேன் மாட்டினால் பேசாமல் காசு தருபவர்கள், வீட்டு மின் இணைப்பைச் சோதிக்கக் கூலி கேட்டால், “ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?” என்கிறார்கள்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 1,200 ரூபாய் கேட்கிறேன். சதுர அடிக் கணக்கு இல்லை; எத்தனை சர்க்யூட், எத்தனை போர்டு என்பதுதான் கணக்கு. மெயினை நிறுத்தி, வயர் உறையின் (இன்சுலேஷன்) தாங்குதிறனை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ இன்சுலேஷன் போயிருக்கிறது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதே, போதாதா என்பார்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது.

அண்மையில் ஒரு வீட்டில் கீசருக்கான 16 ஆம்பியர் பிளக்கைக் கழற்றினேன். நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ். வயர் உறை அரை அங்குலத்துக்குக் கருகியிருந்தது. வெளியே சுவிட்ச் பளபளவென்று புதுசு!

சிலர் இலவசமாகப் பார்த்துத் தருகிறார்கள். அப்புறம் நல்ல எம்சிபியையும் (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) மாற்றச் சொல்லி, கடைக் கமிஷனில் அந்தக் காசை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் நான் சோதனைக் கூலியைத் தனியாக வாங்குகிறேன், ரிப்பேர் வேலையில் கழிப்பதில்லை. அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். ரிப்பேரை வேறு ஆளிடம் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

– ஒரு வயர்மேன், மதுரை