ஸ்கேல வெச்சுட்டு ஆளை எண்ண ஆரம்பிச்ச கதை: ரத்ததானச் சங்க செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். முகாமெல்லாம் குறிச்சபடியே நடந்துச்சு, மழையால ஒண்ணு மட்டும் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான். நான் நேரா விளம்பரம், பத்திரிகைச் செய்தி விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா அதுல என் தப்பு ஒண்ணு இருக்கு.

போன வருஷம் இதே மேடையில ஒரு தடி ஃபைலைத் தூக்கிக் காட்டுனேன், ஞாபகம் இருக்கும். பேப்பர்ல நம்மளப் பத்தி வந்ததை எல்லாம் வெட்டி ஒட்டி, ஸ்கேல் வெச்சு அளந்து, அந்த இடத்துல விளம்பரம் போட்டிருந்தா என்ன ஆகியிருக்குமோ அந்த ரேட்டால பெருக்கி, சங்கத்துக்கு இவ்வளவு மிச்சம்னு சொன்னேன், நீங்களும் கை தட்டுனீங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து புரட்டும்போதுதான் கவனிச்சேன், முகாமுக்கு வந்தவங்களை நாம ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம்னு திட்டி ஒரு செய்தி வந்துச்சே, அதையும் அளந்து லாபத்துல சேத்திருக்கேன்! பெரிய செய்தி வேற, நல்ல தொகை.

இந்தக் கணக்குக்கு ஏவிஈன்னு (அட்வர்டைசிங் வேல்யூ ஈக்விவலன்ட், அதாவது விளம்பரத்துக்கு ஈடான மதிப்பு) பேராம். செய்தியை ஜனங்க விளம்பரத்தை விட அதிகமா நம்புவாங்கன்னு சொல்லி, வந்த தொகையை இன்னும் சில மடங்கு ஏத்துறவங்களும் உண்டு, அதுக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. 2010-லயே மக்கள் தொடர்பு வேலையை அளக்குற துறைக்காரங்க பார்சிலோனாவுல கூடி 7 கொள்கை போட்டு, அதுல ஒண்ணா இது மக்கள் தொடர்போட மதிப்பே இல்லன்னு எழுதிட்டாங்க. 2015, 2020-ல திருத்துனப்பவும் அந்த நிலையை மாத்தல. நான்தான் லேட்டு.

அதனால இந்த வருஷம் வேற மாதிரி பாத்தோம். நம்மகிட்ட இருந்து வெளிய போனது என்ன, படிச்சவங்க மனசுல நின்னது என்ன, அதனால அவங்க செஞ்சது என்ன, இந்த மூணையும் தனித்தனியா வெச்சோம். ஃபைல் கனம் முதல் விஷயத்தைத்தான் சொல்லும், நமக்கு வேணுங்கறது மூணாவது. பதிவு ஃபாரத்துல ‘எப்படித் தெரிஞ்சு வந்தீங்க’ன்னு ஒரு கேள்வி சேத்தோம். முதல் முகாம்ல பாதிக்கு மேல ‘பேப்பர்’னு டிக் அடிச்சிருந்தாங்க, ஒரே சந்தோஷம், அப்புறம் பாத்தா லிஸ்ட்ல பேப்பர்தான் முதல்ல இருக்கு, அவசரத்துல எல்லாரும் மேல இருக்குறதையே அடிச்சுட்டுப் போயிருக்காங்க. அடுத்த முகாம்ல கட்டத்தை எடுத்துட்டு வெறும் கோடு விட்டோம். ‘ஃப்ரெண்டு சொன்னான்’ங்கறதுதான் அதிகமா வந்துச்சு. அந்த ஃப்ரெண்டு எங்க படிச்சான்னு யாருக்குத் தெரியும், அதுல கொஞ்சம் பேப்பருக்கும் பங்கு இருக்கலாம், அதையும் மறுக்கல.

இன்னொண்ணு, வழக்கமா வர்றவங்க செய்தி வந்தாலும் வருவாங்க, வராட்டியும் வருவாங்க. அவங்களை எண்ணி பப்ளிசிட்டி கணக்குல எழுதுறது ஏமாத்து வேலை. முதல் தடவை வந்தவங்களை மட்டும் தனியா எண்ணுனோம், பிரஸ் நோட்டுல ஒரு ஃபோன் நம்பர், வாட்ஸப் மெசேஜ்ல வேற நம்பர் குடுத்தோம். முதல் பக்கத்துல தலைவர் ரிப்பன் வெட்டுற போட்டோ வந்தப்ப ஒரு கால் கூட வரல (தலைவர் கோச்சுக்கக் கூடாது), உள்பக்கத்துல மூலையில தேதி, இடம், நம்பரோட வந்த சின்னத் துணுக்குக்குத்தான் ஃபோன் அடிச்சுது.

நம்ம தம்பி ஒருத்தர் ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேர்ல செய்தியெல்லாம் போட்டு நல்லதா கெட்டதான்னு பாத்தார், ‘ரத்தம்’, ‘விபத்து’, ‘அவசரம்’னு வந்ததெல்லாம் கெட்ட செய்தின்னு சொல்லிடுச்சு. அதை அத்தோட விட்டுட்டோம், கையாலதான் பிரிக்கறோம்.

அடுத்த வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு முகாமுக்கும் முன்னாடியே புதுசா எத்தனை பேர் வரணும்னு செயற்குழு எழுதி வெச்சுடணும், முடிஞ்சப்புறம் வந்த நம்பரைப் பாத்து இதுதான் எங்க இலக்குன்னு சொல்ற பழக்கம் வேண்டாம். ஃபாரம் மேசையில உக்காந்து பொறுமையா கேட்டு எழுத ரெண்டு பேர் வேணும், கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க. பழைய ஃபைல் பீரோவுலதான் இருக்கு, போட்டோ வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்.