பக்கத்தைப் படம் பிடித்து மின்னூல் என்று விற்காதீர்கள்

மின்னூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் அம்மா ஒரு நாவலைப் பதினோராவது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். கதை பிடிக்காமல் இல்லை. அச்சுப் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, மின்னூல் என்ற பெயரில் உங்களில் ஒருவர் விற்ற நூல் அது.

அம்மாவுக்கு 74 வயது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி வருவதால் அச்செழுத்தைப் படிக்க முடியாது. மூட்டு வலியால் தடித்த புத்தகத்தை விரித்துப் பிடிக்கவும் முடியாது. ஐந்து வருடம் எதையுமே படிக்காமல் இருந்தவருக்கு மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள ஒரு வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தோம். எடை 200 கிராம்தான். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கிக்கொள்ளும். காகிதத்தில் அச்சடித்தது போலத் தெரியும் இ-இங்க் திரை என்பதால் ஃபோனைப் போலப் பின்னாலிருந்து வெளிச்சம் கண்ணில் அடிப்பதில்லை. ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். அப்புறம் அவர் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் படிக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் நாங்கள் மறந்தே போயிருந்த காட்சி அது.

உங்கள் நூலில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. வரியை முடிக்க வலப்பக்கம் இழுக்க வேண்டும், அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம். இ-இங்க் திரை மெதுவாகத்தான் மாறும். ஒவ்வொரு இழுப்புக்கும் மினுக்கிவிட்டு நிற்கும். அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முந்தைய வரி மறந்துவிடுகிறது. இரண்டு நாள் போராடிவிட்டு அம்மா சொன்னார்: "என் கண்ணு இன்னும் மோசமாயிடுச்சு போல." வேறொரு நூலைத் திறந்து கொடுத்தேன். சரளமாகப் படித்தார். குறை அவர் கண்ணில் இல்லை என்று புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தயவுசெய்து ஈபப் (EPUB) வடிவில் வெளியிடுங்கள். எழுத்து எழுத்தாகவே இருந்து, திரைக்கேற்ப வரி மடியும் மின்னூல் வடிவம் அது. 2007இலிருந்தே இருக்கிறது. இன்று கணினியில் தட்டச்சாகாமல் அநேகமாக எந்தப் புது நூலும் அச்சுக்குப் போவதில்லை. பழைய நூல் பாமினி, டிஸ்கி போன்ற பழைய கணினி எழுத்து முறைகளில் இருந்தாலும், இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற மென்பொருள் இருக்கிறது. மாற்றிய பின் ஒரு முறை மெய்ப்புப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படமாக விற்றால் சொல்லைத் தேட முடியாது, அகராதி பார்க்க முடியாது, பார்வையே இல்லாதவர்களுக்குக் கருவி வாசித்துக் காட்டவும் முடியாது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கும் நூல்கள் கிடைக்க வேண்டும் என்று 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் நாடுகள் ஒப்பந்தமே செய்துகொண்டன. நீங்களோ எழுத்தளவை மாற்ற முடியாது என்பதை விற்கும் பக்கத்தில்கூடச் சொல்வதில்லை. வாங்கித் திறந்த பிறகுதான் தெரிகிறது, பணமும் திரும்ப வருவதில்லை. வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறீர்கள். படிக்கத் துடிக்கும் ஒருவரைப் பதினோராவது பக்கத்தில் நிறுத்தியது யார்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஈபப் கொடுங்கள். அதற்குக் காலம் ஆகுமென்றால், அதுவரை "பக்கப் படம், எழுத்தளவு மாறாது" என்று விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அந்த நாவல் ஈபப்பாக வந்தால் மறுபடியும் பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி