வேலை செய்யாத ஃபிளாப்போடு சோலோவுக்கு அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: தலைமைப் பயிற்சியாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை உங்கள் பள்ளியின் செஸ்னா 172எஸ் விமானத்தில் என்னைச் சோலோவாக, அதாவது தனியாக, சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது) பறக்க அனுப்பினீர்கள். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில், வேகம் 110 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அளவுக்குக் கீழே வந்ததும், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) இயக்கும் லீவரை 10 டிகிரிக்கு இறக்கினேன். ஃபிளாப் நிலையைக் காட்டும் முள் அசையவில்லை. ஜன்னல் வழியே இறக்கையைப் பார்த்தேன், ஃபிளாப் மடங்கியபடியே இருந்தது. மின்கோளாறு வந்தால் வெளியே துள்ளும் சர்க்யூட் பிரேக்கரும் வெளியே வந்திருக்கவில்லை. புறப்படும் முன் சோதித்தபோது ஒழுங்காக இறங்கி ஏறியது. ஆகவே நான் பார்க்காமல் கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததில், பழக்கமான இடத்திலேயே ஓடுபாதையை நோக்கித் திரும்பிவிட்டேன். ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் ஃபைனலில் உயரம் அதிகம். மூக்கை இறக்கினால் வேகம் 80-ஐத் தாண்டியது. ஃபிளாப் இருந்தால் அதன் இழுவையே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும், கூடுதல் சரிவாக இறங்கலாம். அது இல்லாததால் இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வரும் கோ அரவுண்ட் போனேன். அடுத்த முறை சுற்றை அகலமாக்கி, 70 நாட் வேகத்தில் தாழ்வாக வந்தேன். மூக்கு தூக்கியிருந்ததால் ஓடுபாதை பாதி மறைந்துவிட்டது. விமானமோ தரையைத் தொட மனமில்லாமல் மிதந்துகொண்டே போனது. எப்படியோ இறங்கிவிட்டேன்.

அப்புறம்தான் ஹேங்கரில் மெக்கானிக் சொன்னார்: "அது ஒரு வாரமாவே அப்படித்தான் தம்பி, லீவரை ரெண்டு தடவை ஆட்டினா இறங்கிடும்." விமானத்தின் பழுதுகளை எழுதிவைக்கும் டெக் லாக்கைப் புரட்டிப் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை! என் புகாரே இதுதான். பழுது எந்த இயந்திரத்துக்கும் வரும். தெரிந்த பழுதை வாயளவில் வைத்துக்கொண்டு, மாணவனைத் தனியாக அனுப்பியதைத்தான் ஏற்க முடியவில்லை.

"ஃபிளாப் இல்லாமலும் இறங்கலாமே" என்றார் என் பயிற்சியாளர். சரி, இறங்கலாம். ஆனால் அவரோடு நான் இறங்கிய ஒவ்வொரு தடவையும் 30 டிகிரி ஃபிளாப்தான். ஃபிளாப் இல்லாமல் எப்படி இறங்குவது என்று சோலோவுக்கு முன் ஒருமுறையாவது காட்டியிருக்க வேண்டாமா? பேச்சில் கூட அது வரவில்லை.

பழுதை லாக்கில் எழுதி, சரிசெய்யும்வரை அந்த விமானத்தை நிறுத்தி வையுங்கள். ஃபிளாப் இல்லாத இறக்கத்துக்கு எனக்கு ஒரு மணி நேரப் பயிற்சியைக் கட்டணமின்றித் தாருங்கள். கோ அரவுண்ட் போன நேரத்தையும் பில்லில் சேர்த்திருக்கிறீர்கள், அதையும் கழித்துவிடுங்கள்.

பத்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பில்லின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சி மாணவன்