பிரேக்கை மட்டும் ஆள் வச்சு கத்துக்கங்க

ஆசிரியருக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் சின்னதா தேயிலை தோட்டம் வச்சிருக்கேன், ஒரு பழைய மாருதி 800 இருக்கு, கார்பரேட்டர் மாடல், ரிப்பேர் எல்லாம் நானேதான் பாக்கறேன், எங்கயும் படிக்கல, கழட்டி மாட்டி கழட்டி மாட்டி கத்துக்கிட்டதுதான்.

ஒரு தடவ வண்டி ஐடிலிங்ல பயங்கரமா குலுங்குச்சு, ஆக்சிலேட்டர் குடுத்தா நல்லா ஓடும். பிளக் மாத்துனேன், காயில் மாத்துனேன், கார்பரேட்டரை ரெண்டு தடவ கழட்டி கழுவுனேன், மூணு வாரம் போச்சு. கடைசில பாத்தா சுண்டுவிரல் மொத்த வேக்குவம் ஓஸ்ல, அதான் இன்ஜின் உறிஞ்சற ரப்பர் குழாய்ல, ஒரு வெடிப்பு, அது வழியா காத்து இழுத்திருக்கு. இப்ப எந்த வண்டி குலுங்குனாலும் என் கை மொதல்ல ஓஸைத்தான் தடவும். நம்ம பசங்களும் இப்படி கைய அழுக்காக்கித்தான் கத்துக்கணும்.

ஆனா பிரேக்ல அந்த மாதிரி பண்ணக்கூடாதுங்க, நான் பண்ணேன். பின் வீல் சிலிண்டர் மாத்திட்டு, ஷெட்ல ஒரு வருஷமா சீல் உடைச்சு கெடந்த பிரேக் ஆயிலையே ஊத்தி நாலு வீலுக்கும் ஏர் எடுத்தேன், அதாவது பிரேக் பைப்புல மாட்டுன காத்தை வெளிய விட்டேன். மறுநாள் அம்மாவ கூட்டிட்டு மேட்டுப்பாளையம் எறங்கறப்ப, டாப் கியர்லயே பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன், குஞ்சப்பனை தாண்டி பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. செகண்ட் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்துனேன். அம்மா ஒண்ணும் பேசல, என் கையதான் புடிச்சுக்கிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி வந்துருச்சு, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

கீழ பட்டறைல ஒரு பெரியவர் வீல்ல காத்தும் ஆயிலும் வெளிய வர்ற நிப்பிள்ல டியூப் மாட்டி, அவர் பெடல் மிதிக்க என்னை தொறந்து மூட சொன்னார். டிகாஷன் கலர்ல, நுரை நுரையா வந்துச்சு. "ஏங்கண்ணு, மலை ஏறி எறங்கற வண்டிக்கு தொறந்து கெடந்த ஆயிலை ஊத்துவாங்களா"ன்னார். பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்குமாம், டாட் 3ன்னு சொல்ற ரக ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா, மிதிச்சுக்கிட்டே வர்ற சூட்டுல 140லயே கொதிச்சு ஆவி ஆயிரும், ஆவிய மிதிச்சா வண்டி எப்படி நிக்கும்?

நம்ம மலைல, ஊட்டிலேருந்து மசினகுடி எறங்கற கல்லட்டி ரோட்டுல மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு. பட்டறைக்காரங்க ஏர் எடுக்கறப்ப வண்டிக்காரங்களையும் பக்கத்துல உக்கார வச்சு ஒரு வீலாவது செய்ய விடுங்க, தயவுசெஞ்சு.

- ஒரு வாசகர், கோத்தகிரி