யாளி டைனோசரான்னு கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லுங்க

பாடப்புத்தகம் எழுதுற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

பெரம்பூர்ல இருந்து எழுதுறேன். போன மாசம் ஈசிஆர்ல சாளுவன்குப்பம் புலிக்குகைக்குப் போயிருந்தோம், பேருதான் புலிக்குகை, சுத்தி வாயைப் பொளந்துட்டு நிக்கிறது பூரா யாளித் தலை. ஏழாவது படிக்கிற என் பொண்ணு அதைப் பாத்துட்டு வந்து, யாளி, டிராகன் எல்லாம் டைனோசரைப் பாத்து செஞ்சதா மிஸ்னு கிளாஸ்ல கேட்டிருக்கா. சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத, உக்காருன்னுட்டாங்க. டீச்சர் மேல கோவம் இல்ல, நீங்க கொடுத்த புக்குல பதில் இருந்தாத்தானே அவங்க சொல்லுவாங்க.

டைனோசரை உயிரோட பாத்த மனுஷன் யாரும் இல்ல, அது எனக்கும் தெரியும். அது அழிஞ்சு 6.6 கோடி வருஷம், நம்ம இனம் வந்து சுமார் 3 லட்சம் வருஷம்தான். ஆனா எலும்பு மண்ணுக்குள்ள கெடந்துச்சுல்ல? டைனோசர்ங்கிற பேரே 1842லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஏர் ஓட்டினவனுக்கு ஒரு ராட்சச எலும்பு தட்டுப்பட்டிருந்தா அவன் என்னன்னு சொல்லியிருப்பான்? சீனாவுல டிராகன் எலும்புன்னு மருந்துக்கடையில பொடி பண்ணி வித்தது பெரும்பாலும் பழைய காலத்து யானை, குதிரை, காண்டாமிருகத்தோட பாசில், அதாவது மண்ணுக்குள்ள கல்லாகிப்போன எலும்பு. ஆஸ்திரியாவுல கிளாகன்ஃபுர்ட் ஊர்ல டிராகன் மண்டையோடுன்னு வெச்சிருந்தது கம்பளிக் காண்டாமிருகத்தோடது, அதைப் பாத்துத்தான் ஊர் நடுவுல இருக்கிற டிராகன் சிலைக்கே தலை செஞ்சாங்க. ரெண்டுமே டைனோசர் இல்ல, ஆனா கதை எங்கேருந்து மொளைக்குதுன்னு தெரியுதுல்ல.

அவ்ளோ தூரம் ஏன், விழுப்புரம் பக்கம் திருவக்கரையில கல்லா மாறிக் கெடக்குற மரத்தை சாமி கொன்ன அசுரனோட எலும்புன்னு சொல்லுவாங்க. நாம பூஜையில வெக்கிற சாளக்கிராமத்துக்குள்ள சக்கரமா தெரியுறது அம்மோனைட்ங்கிற, அழிஞ்சுபோன கடல் உயிரோட சுருள் ஓடு, அம்மோனைட் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துலயும் கெடைக்குது. இதையெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டா நியாயமே இல்ல, கண்ணால பாத்த கல்லுக்கு அவங்க யோசிச்சு சொன்ன பதில் அது.

யாளியும் அப்படி எலும்பைப் பாத்து வந்ததுன்னு நான் அடிச்சு சொல்லல, அதுக்கு ஆதாரம் கிடையாது, சிங்கத்தையும் யானையையும் சேத்த கற்பனையா இருக்கலாம். அதையாவது பிள்ளைக்கு சொல்லலாம்ல?

அரியலூர் கல்லமேட்டுல கெடைச்ச எலும்புக்கு 1980கள்ல புருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க, உலகத்துலயே ரொம்பப் பெரிய டைனோசர்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னிக்கும் பேசுறாங்க. அந்த எலும்பு உதிர்ந்தே போயிடுச்சு, மிச்சம் பழைய படமும் குறிப்பும்தான். நம்ம மண்ணுல கெடைச்சதை நான் சொல்லித்தான் என் பொண்ணுக்கே தெரியும், எனக்கு மனசு ஆறவே இல்ல.

ஏழாவது புக்குல ரெண்டு பக்கம் கொடுங்க. ஒரு பக்கம் கல்லமேடு, இன்னொரு பக்கம் திருவக்கரை.